அனஸ்தாசியா மிஸ்ஸிக்கு இருபது தண்டு

அனஸ்தாசியா மிஸ்ஸியிடம் ஒரு பொருளைக் கொடுத்து, அதை அவர் வாங்கிக்கொண்டார் என்று சொல்லக்கூடியவர் பாலாவியில் ஒருவருமில்லை. குடும்பநல மருத்துவ மாதுவாக இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வூரின் ஒழுங்கைகளில் முதலில் சைக்கிளிலும் பின்னர் ஸ்கூட்டரிலும் திரிந்தவர் அவர். உப்பளக்காரர் வீட்டிலிருந்து வந்த சேலை, வந்த பையுடனேயே திரும்பிப் போயிற்று. மீனவர் வீட்டு இறாலும் அவ்வாறே. பெருநாள் நாளில் வட்டிலாப்பம் கொண்டுபோனவர்கள், அவருடைய வாசலிலேயே ஒரு கரண்டியை அவர் தின்னக் கண்டு, மீதியைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். “எனக்குச் சம்பளம் தாறாங்க பிள்ளை. நீங்க கிளினிக்குக்கு நேரத்துக்கு வாங்க, அதுவே போதும்” என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சுக்கு இடமிராது.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெறுகிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளினிக் கட்டடத்தில் பிரியாவிடை. ஞாயிறு விடியற்காலை பஸ்ஸில் நீர்கொழும்பிலுள்ள தம் தங்கையின் வீட்டுக்குப் போய்விடுவார். இனிப் பாலாவிப் பக்கம் வருவாரோ மாட்டாரோ, யாருக்குத் தெரியும்?

சுல்பாவுக்கு இந்தச் செய்தி கிடைத்த நாள் முதல் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் செலுத்தப்படாத நன்றியொன்று அவள் நெஞ்சில் கிடந்தது. அப்போது அவளுக்கு ஏழு மாதம். கால் வீங்கியதையும் தலை இடித்ததையும் உப்பளத்து வெயிலின் குற்றமென்று எண்ணிக்கொண்டு, சட்டை தைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, வேலிக்கு மேலால் இவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பார்த்தவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கால் மணித்தியாலத்துக்குள் சுல்பா ஒரு முச்சக்கர வண்டியில் இருந்தாள். அவளது தலை மிஸ்ஸியின் மடியில் இருந்தது. அன்றிரவே புத்தளம் ஆஸ்பத்திரியில் ஃபஹ்மியா பிறந்தாள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் இரண்டு உயிருக்கும் பொறுப்புச் சொல்லியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னதைச் சுல்பா இன்றுவரை மறக்கவில்லை.

அந்த மிஸ்ஸிக்கு என்னத்தைக் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடும். ஆயினும் ஒன்று மாத்திரம் திரும்பி வராதென்று சுல்பாவுக்குத் தெரியும்.

ஒருநாள் கிளினிக்கில் கூட்டம் குறைந்த வேளையில் மிஸ்ஸி தம் பயிற்சிக் காலத்தைப் பற்றிக் கதைத்திருந்தார். நுவரெலியா ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் மேட்ரனின் மேசைமேல் எந்நாளும் ஒரு கிளாசில் நாலைந்து பூக்கள் நிற்குமாம். ஃபிரீசியா என்று பெயராம். இரவு முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வருகிறபோது அந்த மேசையருகில் ஒரு நிமிடம் நிற்பாராம். “அந்த வாசம் இருந்தா இன்னொரு பிரசவம் பார்க்கலாம் போல இருக்கும். பிறகு எங்கயும் நான் அதைக் காணேல்ல. இந்த உப்புக்காத்துக்க அது வராது” என்று சொல்லிவிட்டு, அடுத்த கார்டைக் கையில் எடுத்தார். மிஸ்ஸி தமக்கென்று ஒன்றை விரும்பிச் சொன்னதைச் சுல்பா கேட்டது அந்த ஒரே தடவைதான்.

சுல்பாவின் கணவன் ஸியாத் லொறி ஓட்டுபவன். பாலாவியில் உப்பு ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவான். திரும்பும்போது லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றி வருவான். நுவரெலியாவில் அவன் மரக்கறி ஏற்றும் தோட்டத்துக்கு அடுத்தாற்போல் கண்ணாடிக் கூடாரத்தில் பூ வளர்க்கிறார்கள். அங்கு பூ வெட்டும் மெரினா என்ற பெண்ணிடம் சொல்லிவைத்து, இருபது தண்டுகளை வாங்கி, ஈரப் பேப்பரில் சுற்றி, கார்ட்போட் பெட்டியில் வைத்து, லொறியின் முன்னிருக்கையில் தனக்குப் பக்கத்தில் ஒரு பயணியைப் போல் உட்காரவைத்துப் புதன்கிழமை காலையில் வீடு கொண்டுவந்து சேர்த்தான்.

“வழியெல்லாம் இந்தப் பெட்டியோட கதச்சிக்கிட்டுத்தான் வந்தன்” என்றான் ஸியாத். “உன்னப் போல இல்ல, நான் சொன்னதெல்லாத்தயும் பேசாமக் கேட்டுக்கிட்டு வந்திச்சி.”

“அப்ப அதையே கட்டிக்கங்க” என்று சொல்லிக்கொண்டே சுல்பா பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே பூவென்று ஒன்றும் இருக்கவில்லை. மெல்லிய பச்சைத் தண்டுகளின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அந்த வளைவின்மேல் சிறியதும் பெரியதுமாக ஏழெட்டு மொட்டுகள், தட்டில் அடுக்கிய கோப்பைகளைப் போல ஒரே வரிசையில் மேல்நோக்கி நின்றன. தண்டின் அடிப்பக்கத்து மொட்டு மாத்திரம் மஞ்சளாய், சிலவற்றில் வெள்ளையாய், நிறம் காட்டியது. அடியிலிருந்து நுனிவரை நாளுக்கு ஒன்றாய் இரண்டாய் மலருமென்றும், சனிக்கிழமைக்குச் சரியாக இருக்குமென்றும் மெரினா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மகள் ஃபஹ்மியா மொட்டருகில் மூக்கை வைத்துப் பார்த்தாள். “ஒரு வாசமும் இல்லியே உம்மா. வாப்பாவ ஏமாத்திட்டாங்க.”

“பிறக்காத பிள்ளைட முகத்தப் பாக்க ஏலுமா? பொறு.”

சுல்பா செய்த பிழை இங்கேதான் நேர்ந்தது.

பாலாவியில் கிணற்று நீர் உவர். உப்பளம் அருகிலிருக்க வேறு எப்படி இருக்கும்? குளிக்கவும் கழுவவும் அது; குடிக்க வடிகட்டிய தண்ணீர். சந்தியிலுள்ள தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் பழுதாகிப் பத்து நாட்களாகிவிட்டன. ஆகையால் ஊர் முழுவதும் பள்ளிவாசல் முற்றத்துக் குழாயில்தான் வரிசை நின்றது. வீட்டுக்கு ஒரு கேன் என்று பள்ளி நிர்வாகம் அளவு வைத்திருந்தது. பள்ளிவாசலில் இருந்த வடிகட்டும் இயந்திரத்தை யாரோ ஒரு புண்ணியவான் மரித்துப்போன தம் பெற்றோரின் பெயரால் பொதுப் பயனுக்கென வக்ஃபு செய்திருந்தார். குழாய்க்கு மேலே பலகையில், “குடிப்பதற்கு மாத்திரம்” என்று எழுதியிருந்தது. அந்தத் தண்ணீரில் ஒருவரும் தொழுகைக்குமுன் கை கால் கழுவும் வுழூச் செய்யமாட்டார்கள். சோற்றுப் பானை கழுவமாட்டார்கள். எந்த எண்ணத்தில் ஒன்று அல்லாஹ்வுக்காகக் கொடுக்கப்பட்டதோ, அந்த எண்ணத்திலேயே அது செலவாக வேண்டும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த விடயம்.

கேனிலிருந்து ஒரு ஜக்கு நீரைப் பூவுக்கு ஊற்றச் சுல்பாவின் கை போகவில்லை. வரிசையில் வெயிலில் நிற்கும் பெண்களின் முகம் கண்முன் வந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள், மண்பானையில் ஊற்றினாள், பூத்தண்டுகளை அதில் நிறுத்திக் குசினி மேசைமேல், பழுக்கவைத்திருந்த மாங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் வைத்தாள். ஸியாத் அன்று மாலையே கொழும்புக்கு அடுத்த சுமையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

வியாழக்கிழமை நண்பகல் லுஹருக்குப் பிறகு ஃபஹ்மியா பாடசாலையிலிருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே கூப்பிட்டாள். “உம்மா, இஞ்ச வந்து பாருங்க.”

தண்டுகள் பானையின் விளிம்பில் முகம் குப்புறக் கிடந்தன. இலைகளின் நுனி நெருப்புப் பட்டாற்போல் பழுப்பாகியிருந்தது. நேற்று நிறம் காட்டிய அடிமொட்டுகள் விரியாமலே சுருங்கி, நனைந்த கடதாசியாய்த் தொங்கின.

சுல்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு சுமை நுவரெலியாவிலிருந்து வரச் செவ்வாய் ஆகும். செவ்வாய்க்கிழமை மிஸ்ஸி எங்கே, பாலாவி எங்கே? மறுபடியும் ஒரு சேலையைத் தூக்கிக்கொண்டு போய் அதைத் திருப்பிக் கொண்டுவருவதா?

“அழுறத்துக்கு முந்தி அந்த மெரினா ராத்தாட்ட கேப்பமே” என்றாள் ஃபஹ்மியா. எண் ஸியாத் எழுதிவைத்த துண்டில் இருந்தது.

அப்பக்கத்தில் மழை தகரத்தில் விழும் ஓசை. அதற்கு மேலால் மெரினாவின் குரல் கேட்டது.

“அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. என்னா தண்ணில வச்சீங்க?”

“கிணத்துத் தண்ணில.”

“உப்புத் தண்ணியா?”

“எங்கட ஊர்ல உப்பில்லாத கிணறு எது தங்கச்சி?”

“அப்போ நீங்க பூவ வைக்கலக்கா, ஊறுகா போட்டிருக்கீங்க.”

சுல்பாவுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. மெரினா விடாமல் கேட்டாள். பக்கத்தில் பழம் ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது, மாம்பழம். “ஐயோ, அத மொதல்ல தூக்குங்க. பழுக்குற பழத்துக்குப் பக்கத்துல இந்தப் பூ நிக்காது. சீக்கிரமே கெழடாயிரும்.”

“கடையில விக்கிற போத்தல் தண்ணி ஊத்தினா?”

“லேபல்ல ஃபுளோரைட்டுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. இருந்தா வேணாம். எங்க மெனேஜர் அதப் பாக்காம உள்ள விடமாட்டாரு. அது இந்தப் பூவோட எலய கருக்கிரும். நாங்க மழத்தண்ணிதான் குடுக்குறோம்.”

“இஞ்ச மழ பேஞ்சி ரெண்டு மாசம்.”

“இங்க நிக்கிற மழய எப்படிக்கா அனுப்புவேன்? சரி, கேளுங்க. இப்போ எல்லாத்தயும் தண்ணில இருந்து எடுங்க. ஈரத்துணில சுத்தி ஃபிரிட்ஜுல மரக்கறி வைக்கிற தட்டுல படுக்க வைங்க. அதுல பழம் இருக்கக் கூடாது. ஒரு நாள் தாங்கும். நல்ல தண்ணி கெடச்சதும், தண்ணிக்குள்ளயே புடிச்சிக்கிட்டு ஒரு விரக்கட அளவு சாய்வா வெட்டுங்க. வெளிய வெட்டினா காத்து ஏறிக்கும். ஒரு சிட்டிக சீனி, ரெண்டு சொட்டு தேசிக்கா. அப்பறம் ஆண்டவன் விட்ட வழி.”

சுல்பா தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் படுக்கவைத்தாள்; ஃபஹ்மியா சந்திக் கடைக்கு ஓடினாள். இரண்டு வகைப் போத்தல் இருந்தன. இரண்டின் லேபலிலும் அந்தச் சொல் இருந்தது. கடைக்காரர், “தண்ணிப் போத்தலுக்கும் பரீட்சை எழுதுறியா புள்ள?” என்று கேட்டாராம்.

பள்ளிவாசல் இயந்திரத்துத் தண்ணீர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு வருவது. பூவுக்கு அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் கேட்காமல் எடுப்பதெப்படி? அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலையும்வரை காத்திருந்து, சுல்பா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெறும் ஜக்குடன் பள்ளிவாசல் வாயிலுக்குப் போனாள். பாங்கு சொல்லும் மோதினார் உசனார் குழாயடியில் கேன்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

உசனார் பலகையை ஒருமுறை பார்த்தார். ஜக்கை ஒருமுறை பார்த்தார். “பூ தண்ணி குடிக்கிதா?”

“குடிக்கிது நானா. தண்டால உறிஞ்சிக் குடிக்கிது.”

“அப்ப பலகைல எழுதினதுக்கு மாறில்ல.” அவர் தாடியைத் தடவினார். “ஆனா தந்த மனிசன் மனிசருக்கெண்டு நிய்யத் வெச்சித் தந்தது. பூனைக்கு வெக்கிறன், அது உயிருள்ள சீவன். வெட்டின பூவுக்கு உயிர் இரிக்கா இல்லியா, அத இமாம் ஹஸரத்திட்டத்தான் கேக்கோணும். ஹஸரத் கொழும்புல. நாளைக்கு ஜும்ஆவுக்குத்தான் வருவார்.”

“எனக்கும் அதுதான் நானா மனசுல. சந்தேகமான தண்ணில வெச்சி மிஸ்ஸிக்குக் குடுக்க ஏலாது.”

“மிஸ்ஸிக்கா?” உசனார் கேனைக் கீழே வைத்தார். “அத முன்னுக்கே சொல்றதில்லியா? என்ட மகளுக்கு மூணு புள்ளயும் அவட கையிலதானே.” சற்று நேரம் நின்று யோசித்தார். பிறகு, மறந்திருந்தது நினைவுக்கு வந்தவரைப் போல, பள்ளிவாசலின் பின்சுவரைக் காட்டினார். “உன்ட புருஷனுக்குத் தெரியாத தண்ணியா? அவர்ட்டக் கேளு.”

“அவருக்கு என்ன தெரியும்?”

“ஏஸில இருந்து ஒழுகுற தண்ணி. வெள்ளிக்கிழமைல வாளி வெச்சிப் பிடிச்சிக்கிட்டுப் போய்த்தானே லொறி பெற்றரிக்கு ஊத்துறவர். அந்தத் தண்ணில உப்புமில்ல, ஒண்டுமில்ல, பெற்றரிக்குத் தோதெண்டு எனக்குப் பாடமும் படிச்சித் தந்தவர்.”

பள்ளிவாசலில் நான்கு ஏஸிகள் இருந்தன. கட்டாரில் உழைக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பியவை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வேளையில் மாத்திரம் அவற்றைப் போடுவார்கள். குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் நீராய் இறங்கி, பின்சுவர்க் குழாய்களால் மணலில் சொட்டும்.

“அது எடுக்கலாமா நானா?” சுல்பாவின் குரல் இறங்கியிருந்தது.

“அவங்க வக்ஃபு செஞ்சது குளிர. குளிர் உள்ளுக்கு, தண்ணி வெளிய. அத ஆரும் வக்ஃபு செய்யல்ல. மண்ணுக்குப் போறது. காத்துல இருந்து அல்லா இறக்கிறத நீ பூவுக்கு எடு. எங்கட ஹஸரத்தே அத வாசல் மரத்துக்கு ஊத்தச் சொன்னவர்.”

அன்றிரவு ஸியாத் தொலைபேசியில் பேசியபோது, தன் பூ குப்புற விழுந்ததை அறிந்து வருந்தினான். அடுத்த நிமிடமே மாட்டிக்கொண்டான்.

“பள்ளித் தண்ணில லொறி ஓட்டியிருக்கீங்க. என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல.”

“சொன்னா நீ ஃபத்வாக் கேக்கப் போயிருவாய் எண்டுதான்.”

“கேட்டன். கிடைச்சிச்சி. நாளைக்கு ஒரு வாளியில்ல, நாலு வாளி வெக்கோணும். வெள்ளன வாங்க.”

ஸியாத் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் வந்து, குளித்து, அத்தர் பூசி, நான்கு வாளிகளுடன் பள்ளிக்குப் போனான். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகக் கையிரண்டிலும் வாளி தூக்கிப் போகிறவனைப் பார்த்து, “என்ன ஸியாத், கிணறு வெட்டவா?” என்று கேட்காத ஆளில்லை. மின்கட்டணம் கூடுமென்று, குத்பாப் பிரசங்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஏஸி சுவிட்சில் கைவைப்பவர் உசனார். அன்று பன்னிரண்டு மணிக்கே நான்கையும் போட்டுவிட்டார். ஒருவரிடமும் அவர் காரணம் சொல்லவில்லை. வெளியே கடற்காற்று ஈரமாய் வீச, பின்சுவரில் நான்கு குழாய்களும் சொட்டுச் சொட்டாய் வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தன.

ஸியாத் கொண்டுவந்த நீரைச் சுல்பா ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை, வேறு எந்தச் சுவையுமில்லை. மண்பானையில் ஊறிய உவர் போகாதென்று, கண்ணாடி ஜாடியொன்றைக் கழுவி, ஏஸி நீராலேயே மறுபடியும் அலசினாள். பாத்திரத்தில் நீரை நிரப்பி, ஒவ்வொரு தண்டாய் அதற்குள் அமிழ்த்திப் பிடித்து, தையல் கத்தரிக்கோல் வேண்டாமென்று கூர்க்கத்தியால் சாய்வாக வெட்டினாள். வெட்டும்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு குமிழி மேலே வந்து உடைந்தது. சுருங்கிய அடிமொட்டுகளை நகத்தால் கிள்ளி எடுத்தாள். இறந்ததற்குப் போகும் நீர் இருப்பதற்குப் போகட்டும். சீனி ஒரு சிட்டிகை, தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு. பிறகு ஜாடியை அறைக்குள் அலுமாரிக்கு அருகில், வெயிலும் மின்விசிறியும் படாத மூலையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அஸருக்குப் பார்த்தபோது ஒன்றும் மாறவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து துஆ கேட்கும்போது, பூவுக்காகக் கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். கேட்டாள்.

அந்தி மஃரிபுக்குச் சற்று முன்பு ஃபஹ்மியாதான் கதவைத் திறந்தாள். திறந்தவள் கையால் உம்மாவைக் கூப்பிட்டாள். ஏழு தண்டுகள் விழுந்தபடியே கிடந்தன. பதின்மூன்று நிமிர்ந்திருந்தன. அவற்றுள் வெள்ளைத் தண்டொன்றின் இரண்டாம் மொட்டு விரிந்து, தொண்டையில் மஞ்சள் தீற்றியபடி நின்றது. அறைக்குள் ஒரு மணம் இருந்தது. மல்லிகை வாசலிலேயே நின்று உரக்கக் கூப்பிடும். இது அப்படியன்று, கிட்ட வந்தவரின் காதோடு மெல்லப் பேசுவது. கசக்கிய தேசி இலையின் கூர்மை சிறிது, தேனின் கனம் சிறிது, இவற்றுக்குப் பின்னால் மழை நின்ற காலையின் குளிர்ச்சி. ஸியாத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து மூச்சை இழுத்தான். இழுத்தவன் நிமிராமல் அப்படியே நின்றான்.

“லொறிக்குள்ள ஒரு நாள் முழுக்கப் பக்கத்துல இருந்திச்சி. என்னட்ட இதச் சொல்லவே இல்ல” என்றான்.

மூவரும் விளக்கைப் போடாமல் சற்று நேரம் அந்த மூலையிலேயே இருந்தார்கள். பாங்கு சொன்னபோதுதான் எழுந்தார்கள்.

சனிக்கிழமை காலை கிளினிக் கட்டடம் நிறைந்திருந்தது. பேச்சுகள் முடிந்தபின் ஒவ்வொருவராய் முன்னால் போனார்கள். மிஸ்ஸி ஒருவரையும் நோகச் செய்யவில்லை. ஆனால் வழக்கத்தை மாற்றவுமில்லை. பெட்டிகளைத் தொட்டுப் பார்த்து, “வடிவாயிருக்கு, மகளுக்குக் குடுங்கோ” என்று திருப்பிக் கையில் வைத்தார். சுல்பாவின் முறை வந்தது. பதின்மூன்று தண்டுகளும் ஜாடியோடு அவள் கையிலிருந்தன. காலையில் எண்ணியபோது இருபத்தாறு பூக்கள் விரிந்திருந்தன.

மிஸ்ஸி முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் பூவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கிட்ட வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நீண்ட மூச்சு எடுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் மற்றவர்களை “மூச்சை இழுங்கோ, இப்ப விடுங்கோ” என்று ஏவியே பழகிய அந்த மனுஷி, இழுத்த மூச்சை விட மறந்தவர்போல் நின்றார்.

“மேட்ரன்ட மேசை” என்றார் மிக மெதுவாக.

சுல்பா இரண்டு நாட்களாய் மனத்தில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் நிறைய இருந்தன. அல்லாஹ்வுக்கு அடுத்தபடி உங்களுக்குத்தான் என்று தொடங்குவதாக இருந்தாள். வாய் திறந்தபோது வந்தது வேறு.

“இருபது தண்டு மிஸ்ஸி. ஏழு பழுதாப் போயிட்டு. நான்தான் கிணத்துத் தண்ணில வெச்சிட்டன்.”

“பதின்மூண்டு தப்பியிருக்கெல்லோ” என்றார் மிஸ்ஸி. “எந்தத் தண்ணியில தப்பினது?”

சுல்பா சொன்னாள். குழாய்ப் பலகை, உசனாரின் யோசனை, நான்கு வாளி, லொறி பெற்றரி எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ்ஸி சிரித்தார்; சிரிப்பு முடியுமுன்னே கண் நிறைந்து வழிந்தது. ஜாடியைத் தம் இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மிஸ்ஸி ஒன்றை வாங்கியதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

“இதைத் திருப்பித் தரமாட்டன்” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு ஃபஹ்மியாவைப் பார்த்து, “ஆயிரத்து நானூற்றிப் பத்துக் கிராம்” என்றார். “பிறந்த நேரம் நீ அவ்வளவுதான். என்ட ஒரு கைக்குள்ள கிடந்தாய். உன்ட கொம்மா எனக்கு ஒண்டும் தரேல்ல எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா போல. நான் களைச்சுப்போற நாளில உங்கட ஒழுங்கையாலதான் சைக்கிளைத் திருப்புறனான். நீ ஓடித் திரியிறதைப் பார்த்திட்டுப் போக.”

சுல்பாவுக்கு இது தெரியாது. பதினான்கு ஆண்டுகளாய்த் தன் வேலியோரம் போன சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரு காரணம் இருந்ததை அவள் அந்த இடத்தில்தான் அறிந்தாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபஹ்மியா முன்னால் வந்து ஒரு அட்டையையும் ஒரு போத்தல் ஏஸி நீரையும் நீட்டினாள். அட்டை கிளினிக் கார்டைப் போலவே கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது: ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுக, மாற்றும்போதெல்லாம் தண்டைச் சிறிது வெட்டுக, வாடிய பூவைக் கிள்ளுக, பழத்தட்டுக்கு அருகில் வைக்கலாகாது.

மிஸ்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். “அடுத்த கிளினிக் எப்ப எண்டு போடேல்லையே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியளவில், சுல்பா பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவில் மிஸ்ஸியின் குரல்.

“சிலாபத்தைத் தாண்டியாச்சு. இண்டைக்கு விடிய ரெண்டு, இப்ப பஸ்சுக்க இன்னுமொண்டு. மஞ்சள். தாயும் பிள்ளைகளும் சுகம். கண்டக்டர் என்னை முன் சீற்றில ஏத்தி வெச்சிருக்கிறார், இந்த வாசம் தனக்கும் வேணுமாம். பின்னால இருக்கிற சனம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டை, வாசம் வெளிய போகுதாம்.”

“தண்ணி போதுமா மிஸ்ஸி?”

“போதும் பிள்ளை. எல்லாம் போதும்.”

பேசி முடித்தபின் சுல்பா உலக்கையைச் சுவரில் சாத்தினாள். உசனாருக்கு ஸியாத் லுஹர் வேளையில் சொல்லிவிடுவான். இன்னும் ஒருவர் இருந்தார். ஸியாத் எழுதிய துண்டைத் தேடி எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாய் அழுத்தினாள்.

“சொல்லுங்கக்கா” என்றாள் மெரினா. “பூ செத்திருச்சா?”

சுல்பா தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“பத்து வருசமா வெட்டுறேன். விடிஞ்சதும் வெட்டி, பெட்டில போட்டு, வேன்ல ஏத்தினா முடிஞ்சிச்சு. அது எங்க போச்சு, யார் மணந்தாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்ல.” பிறகு மெரினா கேட்டாள். “வாசம் நல்லா வந்திச்சாக்கா?”

“வந்திச்சி புள்ள” என்றாள் சுல்பா. “பஸ் முழுக்க வந்திச்சாம்.”